கோடை வார இறுதியில் தூண்டில் போடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

"போன ஞாயிறு காலை ஆறு மணிக்கு அந்தப் பாறைப் பக்கம் அப்படி மீன் பட்டுச்சு" என்று யாரோ சொல்ல, இந்த ஞாயிறு அதே இடத்தில் அதே ஆறு மணிக்குப் போய் நிற்பவர்கள்தான் அதிகம். சொன்னவர் பொய் சொல்லவில்லை; கடல்தான் மாறிவிட்டது. நாளுக்கு இரண்டு ஏற்றம் (கடல்நீர் உயர்ந்து வருவது) வரும் கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்! போன வாரம் காலை 6 மணிக்கு முட்ட நின்ற தண்ணீர், இந்த வாரம் அதே நேரத்தில் வற்றிக் கிடக்கும்.

தண்ணீர் ஓட்டத்தின் வேகமும் அப்படித்தான். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும், அஷ்டமியை ஒட்டிச் சுருங்கும். ஒரு வாரத்தில் ஒன்று போய் மற்றது வந்துவிடும். ஆகவே மீன் பட்ட செய்தி கேட்டால் மணியை விசாரிப்பதில் பயனில்லை. ஏறும்போதா, வற்றும்போதா, காற்று எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பல மீன்கள் தண்ணீர் ஓடும்போதுதான் சுறுசுறுப்பாக இரை தேடும்.

சாவகாசமாக எழுந்து பத்து மணிக்குக் கிளம்புவது கோடைக்குச் சரிப்படாது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், ஆழமில்லாத இடத்து மீன் விலகிப்போகும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் தூண்டில் நரம்பு வளைந்து, மீன் கடிப்பதே கையில் தெரியாது. விடியலும் அந்தியும்தான் நேரம்.

வீசுகிற தூரத்தில் பெருமை பார்ப்பவர்களும் உண்டு. அலை உடையும் வெள்ளை நுரை மணல்திட்டைக் காட்டும். அதற்கும் கரைக்கும் நடுவே கருத்துத் தெரிவது பள்ளம். இரை தேடும் மீன் பெரும்பாலும் அங்கேதான் சுற்றும், இருபது முப்பது அடியில்கூட. முதல் வீச்சை அங்கே போடுங்கள். ஆனால் திட்டுக்கு நடுவே அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளி, ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமாக இருக்கலாம். தூண்டில் போகலாம், கால் போகக் கூடாது. இடி கேட்டால் தூண்டில் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கார்பன் ராடு மின்சாரம் கடத்தும்.

இத்தனைக்குப் பிறகும் மீன் கிடைத்தால், அதை வெயிலில் வாளியில் போட்டு வைப்பதுதான் எனக்குப் பொறுக்காத தவறு. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் வெப்பம் பட்டால் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை உண்டாக்கும். அதைச் சாப்பிட்டால் முகம் சிவந்து, தலைவலி, வாந்தி என்று படுத்தும். சமைத்தாலும் அது அழியாது. முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியில் உடைத்த ஐஸுடன் கொஞ்சம் கடல்தண்ணீரும் ஊற்றிக் கொண்டுபோங்கள். வெறும் ஐஸ்கட்டி மேல் கிடத்துவதைவிட அந்தக் கலவையில் முக்கினால் மீன் சீக்கிரம் குளிரும். வேண்டாத சிறுசுகளை ஈரக்கையால் பிடித்து உடனே விட்டுவிடுங்கள், மாலைவரை வைத்திருந்து எண்ணிப் பார்க்க வேண்டாம்.