உங்கள் கதையின் ஒற்றனை அவன் கையே காட்டிக்கொடுக்கட்டும்

ஒற்றன் கதையோ நாடகமோ எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் திணறுவது, வேடம் போட்டவன் மாட்டிக்கொள்ளும் இடத்தில்தான். சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டை நழுவுவதும் தூக்கத்தில் தாய்மொழியில் உளறுவதும் வாசகருக்குச் சலித்துவிட்டன. கையை வைத்து மாட்டவிடுங்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர், வெள்ளைக்காரர் எல்லாரும் ஒரே காப்பிக்கடையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்காரும் சிங்கப்பூரில் கதை நடந்தால் இதற்குப் பஞ்சமே இல்லை.

முதலில் எந்தச் சைகை என்று முடிவுசெய்யுங்கள். கட்டைவிரலை உயர்த்துவது, நடுவிரலைக் காட்டுவது மாதிரி ஊரறிந்த சைகைகள் வேண்டாம், பயிற்சி கொடுத்து அனுப்புகிறவர்கள் அதையெல்லாம் முதல் நாளே சொல்லித் தந்திருப்பார்கள். மனம் வேறெங்கோ இருக்கும்போது கை தானாகச் செய்கிற காரியம்தான் வேண்டும்: எண்ணுவது, ஆளைக் கூப்பிடுவது, காசை நீட்டுவது, வழி காட்டுவது.

என்னைக் கேட்டால் எண்ணுவதுதான் இருப்பதிலேயே நல்லது. ஜெர்மன்காரர் ஒன்றுக்குக் கட்டைவிரலை நீட்டுவார், இரண்டுக்கு ஆள்காட்டி விரலும் சேரும், மூன்றுக்கு நடுவிரலும். ஆங்கிலேயர் ஆள்காட்டி விரலில் தொடங்கி மூன்றுக்கு மோதிர விரல் வரை போவார். ஜப்பானியர் தமக்குள் எண்ணும்போது விரித்த கையில் கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே போவார், ஐந்தில் கை மூடிவிடும். நம் பாட்டிமார் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு ஒரே கையில் பன்னிரண்டு வரை போய்விடுவார்கள். சீனர்களிடம் பத்து வரைக்கும் ஒரு கை வழக்கு உண்டு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டினால் ஆறு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சீனாவின் பல பகுதிகளில் எட்டு, அதாவது ஜெர்மன்காரரின் இரண்டு!

இதைக் காட்சியாக்குவது எப்படி? தேக்கா ஈரச்சந்தை, ஞாயிற்றுக்கிழமைக் காலை. பிறந்து வளர்ந்தது எல்லாம் சிராங்கூன் சாலைதான் என்று சொல்லிக்கொள்பவன் மீன் கடையில் விலை கேட்கிறான். கூட்டத்தின் இரைச்சலில் வாய்ச்சொல் எடுபடாது, அதனால் கிழவர் ஈரக் கையைத் தூக்கிக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் விரித்துக் காட்டுகிறார். இவனுடைய கை சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியைத் தொடுகிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் போல என்று. ஒரு நொடிதான், உடனே சமாளித்துப் பத்து வெள்ளித் தாளை நீட்டிவிடுகிறான். பின்னால் கூடையோடு நிற்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டார். இதற்கு மேல் ஒரு வரிகூட விளக்காதீர்கள்.

ஆனால் அந்த ஆறை வாசகர் முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும். பத்து பக்கம் முன்னால் அதே அக்காவுக்கு வேறொரு கடைக்காரர் அதே சைகையைக் காட்ட, அவர் யோசிக்காமல் ஆறு வெள்ளியை எடுத்துக் கொடுத்திருக்கட்டும். பார்ப்பவர் யார் என்பதும் முக்கியம். போலீஸ்காரரைவிட, நாள் முழுக்கக் கைகளையே பார்த்துப் பிழைக்கிற காப்பிக்கடைக்காரரோ காய்கறிக்காரரோ கண்டுபிடித்தால் நம்பும்படி இருக்கும்.

மற்ற சைகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலாய்ப் பெரியவர் வழி காட்டும்போது விரல்களை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுவார், கைகொடுத்த பிறகு கையை நெஞ்சுக்குக் கொண்டுபோவார். சீனர் வீட்டில் அங்பாவை, அதாவது சிவப்பு உறையில் வைத்துத் தரும் அன்பளிப்புப் பணத்தை, இரண்டு கையாலும் தர வேண்டும், வாங்க வேண்டும். நாம் உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து ஆளைக் கூப்பிடுவோம், வெள்ளைக்காரர் மேலே பார்க்க வைப்பார். சிஐஏவில் மாறுவேடப் பிரிவுத் தலைவராக இருந்த ஜோனா மெண்டெஸ், அமெரிக்கர்கள் இறைச்சியை வெட்டியதும் முள்கரண்டியை வலக்கைக்கு மாற்றுவதையும் ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்பதையும் மறக்கடிக்க வேண்டியிருந்தது என்று பேசியிருக்கிறார்.

இதைத் திருப்பிப் போட்டும் எழுதலாம். 1968 ஜனவரியில் வடகொரியா பிடித்த பியூப்லோ என்ற அமெரிக்க உளவுக் கப்பலின் மாலுமிகள், பிரசாரப் படங்களுக்கு நிற்கும்போது நடுவிரலைக் காட்டினார்கள். கேட்டதற்கு, ஹவாயில் நல்வாழ்த்துச் சொல்லும் சைகை என்றார்கள். ஓர் அமெரிக்க வார இதழ் அதன் உண்மையான பொருளை அச்சிட்ட பிறகு அவர்களுக்குக் கிடைத்த அடி கொஞ்சநஞ்சமல்ல. சைகை தெரியாதவன் ஏமாறுவதும், பிறகு தெரிந்துகொண்டு பழிவாங்குவதும் முழுக் கதைக்கே போதும்.

ஒரே சைகையை வைத்து ஆளைக் கைது செய்துவிடாதீர்கள், அது அநியாயம். சீனச் சைகை தெரியாத சிங்கப்பூர்த் தமிழர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உண்மையில் உளவு அமைப்புகளும் இந்த வம்பே வேண்டாம் என்று உள்ளூர் ஆட்களைத்தான் தேடின. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஆண்ட மலாயாவுக்குள், ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் ரகசியப் படை சிங்கப்பூர்ச் சீனரான லிம் போ செங்கை அனுப்பியபோது, டான் சூன் லிம் என்ற வியாபாரியாக நடமாட அவருக்குப் பெயரை மாற்றினால் போதும், கையை மாற்ற வேண்டியதில்லை.

அதனால் அந்த அக்கா சந்தேகத்தோடு நிற்கட்டும், அடுத்த ஞாயிறு இன்னொரு சோதனை வைக்கட்டும். அதில் அவன் ஆறு, ஏழு, எட்டு எல்லாவற்றையும் தடுமாறாமல் பிடித்துவிட்டால் கதை இன்னும் சூடுபிடிக்கும். ஒரே வாரத்துக்குள் யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அப்படியென்றால் இந்த ஊரில் அவன் தனியாக இல்லை.