'காண்பன'வை முன்கூட்டியே எழுதாதீர்கள்: அமிலச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்குள் நுழையும் முன்பே ரெக்கார்டு நோட்டில் 'காண்பன' பகுதியை நிரப்பிவிட்டு வரும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நீல லிட்மஸ் சிவக்கும், துத்தநாகம் போட்டு வரும் வாயுவைக் கொளுத்தினால் 'பாப்' ஒலி வரும், கார்பனேட் நுரைக்கும், சுண்ணாம்பு நீர் பால்போல் மாறும். நான்கும் மனப்பாடம். சோதனைக்குழாயில் வேறு ஏதாவது நடந்தால் 'கெமிக்கல் சரியில்லை சார்' என்று சொல்லிவிடுகிறோம். கெமிக்கல் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

லிட்மஸிலேயே தொடங்கலாம். தாளை அமிலக் குப்பிக்குள் நேராக விடக் கூடாது. தாளின் சாயமும் விரல் அழுக்கும் சேர்ந்து, அடுத்து வருபவருக்கான கரைசல் கெட்டுவிடும். கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு தொட்டு வைத்தால் போதும். வாயுவைச் சோதிக்கும்போது உலர்ந்த தாளைக் காட்டிவிட்டு நிறம் மாறவில்லை என்று எழுதுவது இன்னொரு தவறு. உலர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு வாயு உலர்ந்த லிட்மஸை ஒன்றும் செய்யாது. நீரில் கரைந்து ஹைட்ரஜன் அயனி உருவானால்தான் அமிலக் குணம் வெளிப்படும். எனவே தாளை நனைத்துக்கொள்ளுங்கள்.

பினாப்தலீன் என்ற நிறங்காட்டி பலரை ஏமாற்றும். நிறமற்று இருக்கிறது, ஆகவே அமிலம் என்று எழுதுகிறார்கள். சர்க்கரைத் தண்ணீரிலும் அது நிறமற்றுத்தான் இருக்கும். பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 8-ஐத் தாண்டிய பிறகே இளஞ்சிவப்பு தலைகாட்டும். முதலில் ஒரு சொட்டுக் காரம் விட்டு நிறத்தை வரவழைத்து, பிறகு அமிலம் சேர்த்து அந்த நிறம் மறைவதைப் பாருங்கள். மெத்தில் ஆரஞ்சிலும் இதே சிக்கல் உண்டு. பிஎச் 4.4-க்கு மேல் அது மஞ்சள்தான். சாதாரண மழைநீரின் பிஎச் சுமார் 5.6, அதாவது லேசான அமிலம். ஆனால் மெத்தில் ஆரஞ்சு அதைக் காட்டிக்கொடுக்காது.

அதிகம் சொதப்புவது உலோகச் சோதனையில்தான். 'அமிலம் + உலோகம் = உப்பு + ஹைட்ரஜன்' என்ற சமன்பாட்டை நம்பி நைட்ரிக் அமிலத்தில் துத்தநாகத்தைப் போட்டுவிட்டு 'பாப்' ஒலிக்காகக் காத்திருப்பார்கள். வராது. நைட்ரிக் அமிலம் வலிமையான ஆக்சிஜனேற்றி. ஹைட்ரஜன் வெளியேறுவதற்குள் அதை நீராக்கிவிட்டு, நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடும். மிக நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் மக்னீசியம், மாங்கனீசு இரண்டும் ஹைட்ரஜன் தரும் என்பது விதிவிலக்கு. தாமிரத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு ஒன்றுமே நடக்காவிட்டால் அதற்காக வெட்கப்பட வேண்டாம். வினைபுரியவில்லை என்பதுதான் அங்கே சரியான விடை. நீர்த்த கந்தக அமிலத்தில் தூய துத்தநாகம் மந்தமாகக் குமிழ் விட்டால், சில சொட்டுத் தாமிர சல்பேட் கரைசல் சேர்த்தால் வேகம் பிடிக்கும்.

ஒலி விஷயமும் இருக்கிறது. தூய ஹைட்ரஜன் அமைதியாக எரியும். ஓசை எழுப்புவது காற்றோடு கலந்த ஹைட்ரஜன். அந்தக் கலவை பெரிய குடுவையில் நிறைந்திருக்கும்போது அதன் வாயில் தீக்குச்சியைக் காட்டினால் குடுவையே வெடித்துச் சிதறலாம். சிறிய சோதனைக்குழாயில் வாயுவைப் பிடித்து, குடுவையிலிருந்து தள்ளி எடுத்துச் சென்று கொளுத்துங்கள்.

கார்பனேட்டுக்கு வருவோம். சலவைக்கல் (கால்சியம் கார்பனேட்) துண்டில் கந்தக அமிலம் ஊற்றினால் கொஞ்சம் நுரைத்துவிட்டு நின்றுபோகும். எளிதில் கரையாத கால்சியம் சல்பேட் கல்லின் மேல் படிந்து அமிலத்தைத் தடுத்துவிடுகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு மாறுங்கள். சுண்ணாம்பு நீர் பால்போல் ஆனதும் வாயுக் குழாயை வெளியே எடுத்துவிடுங்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டே வாயுவைச் செலுத்தினால் கால்சியம் பைகார்பனேட் உருவாகி மறுபடியும் தெளிந்துவிடும், ஆசிரியர் வந்து பார்க்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. சோதனைக்குழாயை அமிலத்தால் பாதிக்கு மேல் நிரப்பினாலும் நுரை பொங்கி அமிலம் மறுபக்கம் போய், வந்த வெண்மையையும் கரைத்துவிடும்.

0.1 மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 1. அதே செறிவுள்ள அசிட்டிக் அமிலத்துக்குச் சுமார் 2.9. 'நீர்த்த', 'வலிமை குறைந்த' இரண்டும் ஒன்றல்ல. எது வேகமாகக் குமிழ் விடுகிறது என்று ஒப்பிடும்போது செறிவும் துத்தநாகத் துண்டின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அதுவும் மெதுவாக, கலக்கிக்கொண்டே. அடர் கந்தக அமிலம் நீரைப் போல் 1.84 மடங்கு அடர்த்தி கொண்டது. அதன்மேல் நீரை ஊற்றினால் நீர் மேலேயே நின்று, இரண்டும் கலக்கும்போது எழும் சூட்டில் கொதித்து முகத்தில் தெறிக்கும். தோலில் பட்டால் சமையல் சோடாவைத் தேடி ஓடாதீர்கள். முதலில் குழாயடியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

சட்டையில் பட்டாலும் உடனே அலசிவிடுங்கள். நீர்த்த கந்தக அமிலம்தானே என்று விட்டால் நீர் மட்டும் ஆவியாகி, துணியில் அமிலம் அடர்ந்துகொண்டே போகும். அடுத்த முறை துவைத்துக் காயப்போடும்போது அந்த இடத்தில் ஓட்டை இருக்கும்.