எழுத்தாளர் குழுவின் நிர்வாகத்தில் பொறுப்பேற்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

நன்றாக எழுதுபவர் நன்றாக நிர்வகிப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதேபோல, இதுவரை ஒரு கதைகூட அச்சில் வராதவர் நிர்வாகக் குழுவுக்கு வரக் கூடாது என்றும் எந்த விதியும் இல்லை. உள்ளூர் எழுத்தாளர் குழு ஒன்றை நடத்துவது என்பது பெரும்பாலும் கூடத்துக்கு முன்பதிவு செய்வதும், சந்தா வசூலிப்பதும், அழைப்பு அனுப்புவதும், கணக்கு எழுதுவதும்தான். அதைத் தெரிந்துகொண்டு முன்வருபவர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

படி 1: சிறு வேலையில் தொடங்குங்கள்

பதவி கேட்பதற்கு முன் ஒரு நிகழ்ச்சிக்கான வேலையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். வருகைப் பதிவேட்டைக் கவனித்துக்கொள்வது போன்ற சிறு வேலையே போதும். இதனால் உங்கள் நம்பகத்தன்மை மற்றவர்களுக்குத் தெரியவரும். அதைவிட முக்கியமாக, அந்தக் குழுவில் எல்லா வேலையும் ஒருவர் தலையிலேயே விழுகிறதா என்பது உங்களுக்குத் தெரியவரும்.

படி 2: ஆவணங்களைப் படியுங்கள்

குழுவின் விதிமுறைகள், கடந்த ஓராண்டின் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், கடைசி வரவு செலவுக் கணக்கு ஆகிய மூன்றையும் கேட்டுப் படியுங்கள். பலரும் தவிர்த்துவிடும் படி இது. ஆனால் என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. விதிமுறைகளில், பதவிக்காலம் எவ்வளவு, மீண்டும் போட்டியிடலாமா, போட்டியிட எவ்வளவு காலம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, அதாவது கோரம், எத்தனை பேர் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நடவடிக்கைக் குறிப்புகளில் ஒரே தீர்மானம் பல மாதங்களாகத் தள்ளிப்போயிருந்தால், அங்கே ஏதோ கருத்து வேறுபாடு புகைந்துகொண்டிருக்கக்கூடும். கணக்கில், பணம் எடுக்க இருவர் கையெழுத்து தேவைப்படுகிறதா என்று பாருங்கள்.

குழு சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்பதையும் கேட்டறியுங்கள். பதிவு பெறாத குழுவின் பெயரில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவரே அதனால் வரும் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக நேரிடும் நிலை பல நாடுகளில் உண்டு. இந்த ஆவணங்களைக் காட்டத் தயங்கும் குழுவில் பொறுப்பேற்க நான் அவசரப்பட மாட்டேன்.

படி 3: பொறுப்பைத் தேர்ந்தெடுங்கள்

தலைவர் பதவி கண்ணில் முதலில் படும். புதியவருக்கு அது ஏற்றதல்ல. பொருளாளர் பதவிக்கு இலக்கிய அறிவு தேவையில்லை, ஒவ்வொரு ரசீதையும் அன்றன்றே பதிவு செய்யும் பழக்கம் தேவை. தனிப்பொறுப்பு ஏதும் இல்லாத செயற்குழு உறுப்பினராக ஓராண்டு இருந்து பார்ப்பது பலருக்கும் பொருந்தும்.

செயலாளர் பணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர், ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டு, அதை நடத்தத் தெரியாமல் திண்டாடிய பிறகே கூட்ட நடைமுறைகளைப் படிக்கத் தொடங்கினார். அவர் 1876-இல் வெளியிட்ட விதிநூலை இன்றும் பல சங்கங்கள் பின்பற்றுகின்றன. நடவடிக்கைக் குறிப்பில் இடம்பெற வேண்டியது என்ன முடிவானது என்பதே தவிர, யார் என்ன பேசினார் என்பது அல்ல என்கிறது அந்த நூல். கதை எழுதுபவர்கள் செயலாளரானால் உரையாடலையும் முகபாவத்தையும் சேர்த்து எழுதிவிடும் ஆபத்து இருப்பதால், இதை நினைவில் வையுங்கள். தீர்மானம், முன்மொழிந்தவர், வாக்கு முடிவு, வேலையை ஏற்றவர், கெடு ஆகியவை இருந்தால் போதும்.

படி 4: விருப்பத்தை எழுத்தில் தெரிவியுங்கள்

செயலாளருக்குச் சுருக்கமாக எழுதுங்கள். "வரும் தேர்தலில் செயற்குழு உறுப்பினர் பொறுப்புக்குப் போட்டியிட விரும்புகிறேன். மாதம் ஆறு மணி நேரம் ஒதுக்க முடியும். நிகழ்ச்சி ஏற்பாட்டிலும் கணக்குப் பதிவிலும் உதவ இயலும்" என்ற அளவே போதுமானது. வெளியான நூல்களின் பட்டியலை இணைக்க வேண்டியதில்லை. ஒதுக்கக்கூடிய நேரத்தை மிகைப்படுத்தாமல் சொல்லுங்கள்.

படி 5: முதல் கூட்டங்களில்

நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே படித்துவிட்டுச் செல்லுங்கள். ராபர்ட்டின் விதிப்படி, ஏறத்தாழ 12 பேருக்கு மேற்படாத சிறு நிர்வாகக் குழுவில் தீர்மானத்தை வழிமொழிய வேண்டியதில்லை. தலைவரும் விவாதத்தில் பங்கேற்று வாக்களிக்கலாம். உங்கள் குழு வேறு விதமாக வகுத்திருந்தால் அதன் சொந்த விதியே செல்லும்.

எழுத்தாளர் குழுக்களில் அதிகம் சிக்கல் தருவது தன்னலம் குறுக்கிடும் சூழல்தான். குழு நடத்தும் போட்டிக்கு நீங்களே கதை அனுப்பியிருக்கலாம். தொகுப்பு நூலுக்கான தேர்வில் உங்கள் கவிதையும் இருக்கலாம். சன்மானம் பெறப்போகும் பேச்சாளர் உங்கள் உறவினராக இருக்கலாம். அத்தகைய நேரத்தில் விவாதம் தொடங்கும் முன்பே அதை வெளிப்படையாகச் சொல்லி, முடிவெடுக்கும் வரை வெளியே இருந்து, நீங்கள் வாக்களிக்கவில்லை என்பதைக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். நிர்வாகக் குழுவினர் தங்கள் குழுவின் பரிசுப் போட்டியில் கலந்துகொள்ளவே கூடாது என்று விதி வகுப்பது இன்னும் நல்லது என்பேன்.

படி 6: ஒப்படைக்கும் கோப்பு

பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே ஒரு கோப்பைத் தொடங்கி, கூடத்தின் தொடர்பு விவரம், ஆண்டு முழுவதற்குமான கெடுநாட்கள், பாதியில் நிற்கும் வேலைகள் ஆகியவற்றை அதில் எழுதி வாருங்கள். கடவுச்சொற்களை மட்டும் தனியே, பாதுகாப்பாக வையுங்கள். பதவிக்காலம் முடியும்போது கோப்பை அடுத்தவரிடம் கொடுத்து, கடவுச்சொற்களை மாற்றச் சொல்லுங்கள். வங்கியில் கையெழுத்திடும் அதிகாரம் உங்களுக்கு இருந்திருந்தால், அது நீக்கப்பட்டதற்கான உறுதிச் சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.