முதலில் ஃபேனை நிறுத்துங்கள், மைக் அப்புறம் வாங்கலாம்

ஆன்லைன் பயிற்சி வகுப்புக்குக் குரல் கொடுக்கப் போகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, எந்த மைக் வாங்கலாம் என்றுதான். இப்போதைக்குப் போனில் மாட்டும் இயர்போன் மைக் போதும்.

முதல் வேலை, நேரம் பார்ப்பது. சென்னையில் விடியற்காலை ஐந்து மணியை விட்டால் காக்கை, அது முடிந்தால் ஒலிபெருக்கி கட்டிய வெங்காய வண்டி, அப்புறம் பக்கத்து வீட்டு குக்கர். என் முதல் பாடத்தில் மூன்று விசில் தெளிவாகக் கேட்கும்! துணி அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்து அதைப் பார்த்து உட்காருங்கள், எதிரொலி அடங்கும். ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்த வேண்டும். மே மாதமென்றால் பத்து நிமிடம் பேசிவிட்டு ஐந்து நிமிடம் காற்று வாங்குங்கள், வேறு வழியில்லை.

அடுத்தது ஸ்கிரிப்ட், பாதி வேலை இதில்தான். வாய்விட்டுப் படியுங்கள். "பணியாளர்களால் பின்பற்றப்பட வேண்டிய நடைமுறைகளாவன" என்று வந்தால் மூச்சு முட்டும், "வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை" என்று மாற்றிக்கொள்ளுங்கள். எண்களை எழுத்தில் எழுதி வையுங்கள். 12.5% என்பதைப் பன்னிரண்டரை என்பதா, பன்னிரண்டு புள்ளி ஐந்து என்பதா என்று வேலை கொடுத்தவரிடம் முன்பே கேட்காமல், முப்பது ஸ்லைடு பேசி முடித்தபின் மறுபடி பேசியவன் நான்.

சரி, பதிவு. பேசியதைப் பதிந்து வெட்ட உதவும் ஆடாசிட்டி மென்பொருள் இலவசம்தான். அதில் மோனோ (ஒரே தடம்), சாம்பிள் ரேட் 44,100 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் 'ப' வரும்போதெல்லாம் காற்று இடிக்கும். திரையில் தெரியும் மீட்டரில் சத்தத்தின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே நிற்க வேண்டும். முதல் ஐந்து விநாடி பேசாமல் இருங்கள். தவறினால் நிறுத்தாதீர்கள், ஒரு கைதட்டு தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். வெட்டும்போது திரையில் தெரியும் ஒலி அலையில் அந்தக் கைதட்டு தென்னைமரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும், தேடவே வேண்டாம்.

கடைசியில் அந்த ஐந்து விநாடி அமைதியைத் தேர்ந்து, ஆடாசிட்டியில் இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனில் மாதிரியாகக் கொடுத்துவிட்டு, முழுப் பதிவுக்கும் லேசாகப் போடுங்கள். அதிகமானால் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும். ஸ்லைடுக்கு ஒரு வேவ் (WAV) ஒலி ஃபைல், பெயரில் 01, 02 என்று எண். ஒரு விலையோ தேதியோ மாறினால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி பேசலாம். அப்போது பழைய பதிவை ஒருமுறை கேட்டுவிட்டு, அதே இடத்தில், அதே விடியற்காலையில் உட்காருங்கள், சாயங்காலக் குரல் அதோடு ஒட்டாது.