முழு மயக்கத்துக்கு முன் பதற்றம் தணிக்கும் மருந்து: யாருக்கு, எப்போது, எவ்வளவு

மூச்சில் இழுக்கும் மருந்தால் தரப்படும் முழு மயக்கத்துக்கு முன் பதற்றம் தணிக்கும் மருந்து தேவையா என்பதை, நோயாளியின் அருகில் அமர்ந்து பேசிய பிறகே முடிவு செய்ய வேண்டும். ஈதர் என்னும் பழைய மயக்க மருந்து புழங்கிய காலத்தில் எச்சிலும் சளியும் பெருகி மூச்சுவழியை அடைத்ததால், அதைக் குறைக்க அட்ரோபினும், கூடவே அமைதிப்படுத்த மார்ஃபினும் வழக்கமாகவே போடப்பட்டன. மூச்சுவழியை அதிகம் உறுத்தாத செவோஃப்ளூரேன் என்னும் மயக்க மருந்து வந்தபின் அந்தக் காரணம் பெரிதும் மறைந்துவிட்டது. எஞ்சியிருப்பது அச்சம் மட்டுமே. அதற்கும் எல்லோருக்கும் மாத்திரை எழுதுவது சரியன்று. பிரான்சில் 70 வயதுக்குட்பட்ட 1,062 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பதற்றம் தணிக்கும் லோராசிபாம் 2.5 மில்லிகிராம் நோயாளிகளின் மனநிறைவைக் கூட்டவில்லை. அறுவைக்குப் பின், மூச்சுவிட வாய்வழியே வைத்த குழாயை அகற்றுவதற்கு, போலி மாத்திரை பெற்றவர்களுக்கு 13 நிமிடம் ஆனபோது, லோராசிபாம் பெற்றவர்களுக்கு 17 நிமிடம் ஆனது.

கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்ன பின்னும் நடுக்கம் குறையாதவருக்கு மருந்து தருவது நியாயமே. ஆனால் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் பெறுவதும், அறுவை செய்யும் பக்கத்தை அவர் வாயாலேயே உறுதி செய்வதும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

வார்டிலேயே தருவதானால், லோராசிபாம் 1 முதல் 2 மில்லிகிராம் மாத்திரையை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு முன் ஒரு மடக்குத் தண்ணீருடன் கொடுக்கலாம். நான் விரும்புவது அதே வகை மருந்தான மிடாசோலத்தை இரத்த நாளம் (சிரை) வழியாகச் செலுத்துவது. 1 மில்லிகிராமை மெதுவாகச் செலுத்திவிட்டு, அடுத்ததைத் தொடுவதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்து, பேச்சு சற்றே இழுத்தால் அதுவே போதும். திடகாத்திரமானவருக்கு மொத்தம் 2 மில்லிகிராமைத் தாண்ட வேண்டிய தேவை அரிது. செலுத்திய நொடியிலிருந்து பல்ஸ் ஆக்சிமீட்டர் விரலில் இருக்க வேண்டும். ஆக்சிஜனும், கையால் அழுத்தி மூச்சூட்டும், முகமூடியுடன் கூடிய ஆம்பு பையும், மிடாசோலத்தின் விளைவை முறிக்கும் ஃப்ளுமாசெனிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கட்டிலின் தடுப்புக் கம்பிகள் உயர்த்தப்பட வேண்டும், அவரைத் தனியே கழிப்பறைக்கு எழுந்து செல்ல விடக் கூடாது.

65 வயதைக் கடந்தவர்களுக்கு இம்மருந்தால் அறுவைக்குப் பின் மனக்குழப்பம் ஏற்படக்கூடும் என்பதால் தவிர்ப்பதே நல்லது. உறக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர், கடும் நுரையீரல் நோயாளி, தசைக் களைப்பு நோய் உள்ளவர் ஆகியோருக்கும் அவ்வாறே. ஃபென்டனில் என்னும் வலிநீக்கியும் சேரும்போது மூச்சு எதிர்பாராத அளவு தணியும். இரண்டின் அளவையும் குறையுங்கள்.

கொடுத்த அளவையும் நேரத்தையும் மயக்கக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மூச்சில் இழுக்கும் மயக்க மருந்தின் தேவை இந்த மருந்தால் குறையும் என்பதோடு, நோயாளி தாமதமாக விழித்தால் முதலில் தேடப்படுவதும் இந்தக் குறிப்பே. அன்றே வீடு திரும்புபவர் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. மிடாசோலம் பெற்றவர் கண் திறந்து, தலையாட்டி, "சரி" என்று சொன்ன பிறகும் சொன்னதை மறந்துவிடலாம். ஆகவே வீட்டுக்கான அறிவுரைகளைத் துணைக்கு வந்தவரிடம் எழுத்தில் கொடுங்கள்.