அம்மம்மாவின் திருநீறு எங்கே?

விறாந்தையில் இருந்த அம்மம்மாவைப் படம் எடுத்து, முகம் இருட்டாக இருக்கிறதென்று எடிட்டிங்கில் நிழலை நன்றாகத் தூக்கிவிட்டேன். பார்த்த அம்மா, "அம்மா ஏன் திருநீறு பூசேல்லை?" என்று கேட்டார். பூசித்தான் இருந்தார். கறுத்த நெற்றியில் பளிச்சென்று கிடந்த மூன்று கோடும், நான் வெளுப்பாக்கிய தோலோடு கலந்துபோயிருந்தன.

கொன்ட்ராஸ்ட் என்பது இருளுக்கும் ஒளிக்கும் இடையிலுள்ள தூரம். இருளைத் தூக்கத் தூக்க ஒளி எடுபடாது. கலியாண அல்பங்களில்கூட முகத்தை வெளுப்பாக்குவதே வழக்கமாகிவிட்டது, எனக்கு அது பெரிய மனவருத்தம். வயலில் வெயில் குடித்த முகத்தின் நிறத்தில் திருத்த என்ன இருக்கிறது?

இதற்கு நேரெதிரான பிழையை மாலையில் இரணைமடுக் குளக்கட்டில் காணலாம். கமரா எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். கட்டும் மரங்களும் இருண்டு கிடந்தால் முழுப் படத்தையும் வெளிச்சமாக்கி, வானத்தை வெறும் வெள்ளையாக்கிவிடும். அந்த வெள்ளைக்குள் முகில் இல்லை, எந்தச் செயலியாலும் அதை மீட்க முடியாது. போன் என்றால் திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு எடுங்கள். இருண்ட இடத்தைப் பிறகு அளவாகத் தூக்கலாம். ரோ கோப்பாக, அதாவது கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுத்தால் இன்னும் நல்லது: வழமையான ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள்தான், 14 பிட் ரோவில் 16,384.

குளம் என்றாலே அடிவானத்தை நடுவில் வைத்துப் பாதி வானம், பாதி தண்ணீர் என்று பிரிக்கிறார்கள். அசையாத தண்ணீரில் முகில் விழுந்திருந்தால் சரி, அது அழகு. மற்ற நேரங்களில் வானமா தண்ணீரா என்று ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களைத் தூர நின்று எடுத்தால் எல்லாரும் எறும்பாகத்தான் தெரிவார்கள். கேட்டுவிட்டுக் கிட்டப் போங்கள். கயிறு படத்தின் மூலையிலிருந்து உள்ளே வரட்டும். பார்ப்பவரின் கண் அந்தக் கயிற்றோடேயே போய், ஈர மணல் ஒட்டிய விரல்களில் நிற்கும்.

மத்தியான வெயிலில் ஆட்களை எடுக்காதீர்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் கிளிநொச்சியில் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும், கண்குழியெல்லாம் கறுத்துவிடும். விறாந்தைக்குக் கூப்பிடுங்கள். வேப்பமர நிழலென்றால் முகத்தில் வெயில் பொட்டுப்பொட்டாக விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எடிட்டிங்கில் ஓரங்களை எடுப்பாக்கும் கிளாரிட்டியைக் கூட்டும்போது படத்தைப் பெருப்பித்து, வானத்தை முட்டும் பனையோலையின் ஓரத்தைப் பாருங்கள். ஓலையைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடினால் கூட்டியது அதிகம். அந்தக் கோடு மறையும்வரை குறையுங்கள்.