பேஸ் அடிக்கும்போது ஐடிலில் இன்ஜின் திணறுகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

ஓடும்போது வண்டியில் எந்தக் குறையும் தெரியாது. வண்டியை நிறுத்தி இன்ஜின் மட்டும் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு பேஸ் அடிக்கும் ஹெட்லைட் மங்கும், ஆர்பிஎம் முள் இறங்கி ஏறும், சில கார்களில் இன்ஜினே ஆஃப் ஆகிவிடும். பெரிய ஆடியோ ஆம்பிளிஃபயர் (சுருக்கமாக ஆம்ப்) பொருத்திய கார்களில் அடிக்கடி வரும் தொல்லை இது. பலர் நேராகப் போய் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சட்டென்று தரும் பாகம்) வாங்கிவிடுகிறார்கள். முதலில் அளந்து பாருங்கள், வாங்குவதைப் பிறகு பார்க்கலாம்.

ஐடிலில் மட்டும் ஏன்?

இன்ஜின் பெல்ட்டால் சுற்றி மின்சாரம் தருவது ஆல்டர்நேட்டர். அதன் மேல் 90 ஆம்பியர் என்று போட்டிருந்தால், அது வேகமாகச் சுற்றும்போது கிடைக்கும் அளவு. 700–850 ஆர்பிஎம் ஐடிலில் பல ஆல்டர்நேட்டர்கள் அதில் பாதியைத்தான் தரும். ஃப்யூயல் பம்ப், இக்னிஷன், ரேடியேட்டர் ஃபேன், விளக்குகள் எல்லாம் சேர்ந்து 20 முதல் 40 ஆம்பியரை எடுத்துக்கொள்கின்றன. ஆம்புக்கு மிஞ்சுவது சொற்பம்.

இன்னொரு பக்கமும் உண்டு. 14 வோல்ட்டில் 50 ஆம்பியர் என்றால் 700 வாட். ஆல்டர்நேட்டரின் திறன் 55 சதவீதம் என்று வைத்தாலும், பெல்ட் வழியாக இன்ஜினிடமிருந்து 1270 வாட், அதாவது சுமார் 1.7 குதிரைத்திறன் பிடுங்கப்படுகிறது. ஐடிலில் நிற்கும் சின்ன இன்ஜினுக்கு இது லேசான சுமை இல்லை. அதுவும் பேஸ் அடிக்கு அடி வந்து போகும். ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) காற்றைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கும். இன்ஜினுக்குக் காற்று போகும் வழியான த்ரோட்டில் பாடியில் கார்பன் படிந்திருந்தால் அந்த ஈடு போதாது.

தேவையானவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 எம்.எம். ஸ்பேனர், கம்பி பிரஷ், உப்புத்தாள். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் நல்லது. வாங்கும்போது கவனம்: விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் பலவும் ஏ.சி. மட்டும் அளப்பவை, இங்கே உதவாது.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு. சட்டைக் கை பெல்ட் பக்கம் போகக்கூடாது.

படி 1: ஆடியோதான் காரணமா?

இன்ஜினை அணைத்து, பேட்டரி அருகிலுள்ள ஆம்பின் மெயின் ஃப்யூஸைக் கழற்றுங்கள். ஸ்டார்ட் செய்து சூடாக விடுங்கள். அப்போதும் ஐடில் தள்ளாடினால் ஆடியோ மேல் பழி போடாதீர்கள். ஆனால் ஆம்ப் மாட்டிய அன்றிலிருந்து தொல்லை என்றால், மாட்டும்போது கை பட்ட இடங்களைப் பாருங்கள். போனட்டிலிருந்து உள்ளே ஒயர் இழுக்கையில் வேக்குவம் ஹோஸ் ஒன்று கழன்றிருக்கும் (உஸ் என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும்). ஏர் ஃப்ளோ சென்சார் பிளக் சரியாக உட்காராமல் இருக்கும். பேட்டரியைக் கழற்றியதால் ஈ.சி.யு. கற்று வைத்த ஐடில் அளவும் அழிந்திருக்கலாம். அதற்கு வண்டியின் கையேட்டில் உள்ள முறைப்படி மறுபடி கற்றுக்கொள்ள விட வேண்டும். பல கார்களில் எல்லா லோடையும் அணைத்து, சூடான இன்ஜினைச் சிறிது நேரம் ஐடிலில் விட்டாலே சரியாகிவிடும்.

ஃப்யூஸ் இல்லாமல் ஐடில் சீராக இருந்தால் இன்னொரு சோதனை. ஹெட்லைட், ஃபுல் ஸ்பீடில் புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் மூன்றையும் போடுங்கள். இதற்கே ஆர்பிஎம் விழுந்து எழாமல் கிடந்தால், எந்தச் சுமையையும் தாங்காத நிலையில் வண்டி இருக்கிறது. முதலில் த்ரோட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள், பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: பேட்டரி முனையில் வோல்டேஜ்

வண்டி சில மணி நேரம் ஓய்வாக நின்ற பிறகு அளந்தால் 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி. பாதிக்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டுத் தொடருங்கள்.

ஃப்யூஸைத் திரும்பப் போட்டு, ஸ்டார்ட் செய்து, பாட்டு இல்லாமல் அளந்தால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். பேட்டரி நெகட்டிவ் முனையில் கரண்ட்டை அளக்கும் சென்சார் வைத்த புதிய கார்களில் இது வேண்டுமென்றே குறைவாகக் காட்டலாம். ஹெட்லைட் போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

இப்போது வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போடுங்கள். 12.8-க்குக் கீழே இறங்கினால் ஆல்டர்நேட்டர் தோற்று, பேட்டரி கரைகிறது என்று பொருள். அதே சத்தத்தில் 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றுங்கள். 13.5-க்கு மேல் ஏறினால் ஆல்டர்நேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, ஐடிலில் போதவில்லை. ஏறவே இல்லையென்றால் ஆல்டர்நேட்டர், பெல்ட், ஒயர் இவற்றில் ஏதோ ஒன்று பழுது. மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி, பாட்டை நிறுத்தி அதே முனைகளில் வையுங்கள். 0.5-க்கு மேல் காட்டினால் ஆல்டர்நேட்டரில் டயோடு போயிருக்கிறது.

படி 3: ஆம்ப் எவ்வளவு இழுக்கிறது?

பெட்டியில் அச்சடித்த 'மேக்ஸ்' வாட்டை மறந்துவிடுங்கள். ஆர்.எம்.எஸ். வாட்டை (ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய அளவு) எடுத்து, திறனாலும் வோல்ட்டாலும் வகுங்கள். 1000 வாட் கிளாஸ் டி ஆம்புக்கு 1000 ÷ 0.8 ÷ 13.5 = சுமார் 93 ஆம்பியர். கிளாஸ் ஏபி என்றால் (திறன் 55 சதவீதம்) 135. பாட்டில் சராசரி இதைவிட நன்றாகக் குறையும், மூன்றில் ஒரு பங்குகூட ஆகலாம். அந்த மூன்றில் ஒரு பங்கே ஐடிலில் மிஞ்சும் கரண்ட்டைத் தாண்டிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

படி 4: ஒயரிலும் எர்த்திலும் இழப்பு

பாதிப் பிரச்சினைகள் இங்கேதான் பிடிபடும். பாட்டு சத்தமாக ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஆம்பின் பாசிட்டிவிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. பேட்டரி நெகட்டிவ் – ஆம்ப் எர்த், பேட்டரி நெகட்டிவ் – இன்ஜின் பிளாக், இரண்டிலும் 0.2-க்குள் இருக்க வேண்டும்.

எர்த் பக்கம் அதிகம் காட்டினால் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். லக்கின் (ஒயர் முனையிலுள்ள உலோக வளையம்) அடியில் பெயிண்ட் அப்படியே இருக்கும், மறையின் முனை மட்டும்தான் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெள்ளி போல் மின்னும்வரை ஒரு ரூபாய் அளவுக்குச் சுரண்டி, லக்கை நேராக உலோகத்தில் படியவைத்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்குங்கள். துரு வராமல் இருக்க கிரீஸ் மேலே பூசினால் போதும், நடுவில் வேண்டாம். சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்தவே கூடாது.

படி 5: சரிசெய்யும் வரிசை

முதலில் செலவில்லாதது: கெயின், அதாவது ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பை அமைக்கும் திருகு. பேஸ் பூஸ்ட்டை பூஜ்ஜியத்தில் வையுங்கள். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, ஸ்டீரியோ வால்யூமை முக்காலில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டுங்கள். ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் ஏ.சி. வோல்ட் அளந்தபடி கெயினை ஏற்றுங்கள். எங்கே நிறுத்துவது? ஆம்பின் ஆர்.எம்.எஸ். வாட்டை ஸ்பீக்கரின் ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 500 வாட், 2 ஓம் என்றால் 31.6 வோல்ட். பலர் இதைத் தாண்டி வைத்திருப்பார்கள். ஒலி சிதையும், கரண்ட் வீணாக இழுக்கும்.

அடுத்து மூன்று ஒயர்களைத் தடிமனாக மாற்றுங்கள்: ஆல்டர்நேட்டர் – பேட்டரி பாசிட்டிவ், பேட்டரி நெகட்டிவ் – பாடி, இன்ஜின் – பாடி. 100 ஆம்பியர் வரை 21 சதுர மி.மீ. (4 கேஜ்), 200-க்கு மேல் 53 சதுர மி.மீ. (0 கேஜ்) சுத்தத் தாமிரம். தாமிரம் பூசிய அலுமினியம் என்றால் அதைவிடத் தடிமன் வேண்டும். பாசிட்டிவ் ஒயர்களுக்கு அவற்றின் அளவுக்கேற்ற ஃப்யூஸ் அவசியம். ஆம்ப் ஒயரில் அது பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்கட்டும். சென்சார் உள்ள கார்களில் புது எர்த்தை பேட்டரி முனையில் மாட்டாதீர்கள், பாடியில் மாட்டுங்கள். இல்லையேல் சென்சாருக்குக் கணக்கு தப்பும்.

கெப்பாசிட்டர்? 1 ஃபாரட் கெப்பாசிட்டர் 14-லிருந்து 13 வோல்ட்டுக்கு இறங்கும்போது தருவது 50 ஆம்பியரை 0.02 விநாடிக்கு மட்டும். ஹெட்லைட் மங்குவதைக் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். இரண்டாவதாக ஒரு ஏ.ஜி.எம். பேட்டரி (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்த வகை) இதைவிடப் பலன் தரும். ஆனால் அதையும் சார்ஜ் செய்யப்போவது அதே ஆல்டர்நேட்டர்தான்.

இவ்வளவும் செய்து, படி 2-ஐத் திரும்பச் செய்தும் ஐடிலில் 12.8-க்குக் கீழே போனால் ஆல்டர்நேட்டரை மாற்ற வேண்டியதுதான். வாங்கும்போது உச்ச ஆம்பியரைக் கேட்காதீர்கள், ஐடிலில் எவ்வளவு தரும் என்று கேளுங்கள். சின்ன புல்லி போட்டு வேகத்தைக் கூட்டுவது சில வண்டிகளுக்கு உதவும், ஆனால் பெல்ட் நழுவும், அதிக ஆர்பிஎம்மில் ஆல்டர்நேட்டர் தாங்காமல் போகலாம். த்ரோட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலைக் கூட்டுவது கார்புரேட்டர் வண்டிக்குச் சரி. ஈ.சி.யு. உள்ள வண்டியில் அதைத் தொட்டால் புதிதாக ஒரு ஐடில் கோளாறு முளைக்கும்.